லைசென்ஸ் மில்லுக்கா, ஆளுக்கா

திருப்பதி, ரேணிகுண்டா ரோடு
20 ஏப்ரல் 1936

என் கண்ணு இன்பசேகரனுக்கு, உன் சின்னம்மா ஞானசௌந்தரி தலைமேல கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கிறது. ஆண்டவர் தயவுல நான் நல்லாக் கீறேன். முட்டி வலி மட்டும் போவ மாட்டேங்குது. சித்தூர்ல நீயும் உன் சம்சாரமும் சுகமா? வக்கீலய்யா வேலை ஜாஸ்தியா குடுக்கறாரா? வேளைக்குத் துன்றியா?

உங்க சின்ன நைனா, என் வீட்டுக்காரரு, போயி நாப்பது நாள் ஆவுது. அடக்கத்துக்கு நீ வந்து ரெண்டு நாள் கூட இருந்தது எனக்குப் பெரிய தைரியம். மில்லு ஓடிக்கினுதான் இருக்குது. இன்ஜினை அசரியா பாத்துக்கிறான். பதினெட்டு வருசமா ஓட்டறவன், அதோட இருமலும் சளியும் கூட அவனுக்குத் தெரியும். ஏர்பேட்டுல இருந்தும் வடமாலபேட்டையில இருந்தும் நெல்லு வண்டி வந்துக்கினு இருக்குது. மலைக்குப் போற ஜனங்க கோவிந்தா சொல்லிக்கினு நம்ம வாசலாண்ட நடக்கறாங்க. தண்ணி கேட்டா குடுக்கறோம். ஆயிரம் தடவை சொல்லிட்டேன், எந்தச் சாமிக்குப் போறவங்களா இருந்தா என்ன, தாகம் தாகந்தான்.

இப்போ விசயத்துக்கு வரேன். சின்ன நைனாவோட ரிவால்வர் என் கையில கீது. ஏர்பேட்டு மில்லுல கொள்ளை போன வருசம் கலெக்டர் ஆபீஸ்ல எழுதி வாங்கினாரு, உனக்குத்தான் தெரியுமே. வருசா வருசம் டிசம்பர்ல லைசென்ஸைப் புதுப்பிச்சுக் குடுத்தவனே நீதானே. சாயந்திரம் இன்ஜினை நிறுத்தினதும் அதை இடுப்புல சொருவிக்கினு மில்லை ஒரு சுத்து வருவாரு. இப்போ நான் மடியில கட்டிக்கினு அதே சுத்து வரேன். எனக்கு சுடத் தெரியாது. ஒரு பொம்பளை தனியா மில்லு நடத்துறான்னு பாத்துக்கினு இருக்கறவங்களுக்கு, மடியில இன்னா கீதுன்னு தெரிஞ்சா போதும்.

ஆனா லைசென்ஸ்ல அவரு பேருதான் கீது. அவரு இல்ல. அப்போ லைசென்ஸ் மில்லுக்கா, ஆளுக்கா? இன்னொண்ணு. வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம், மில்லு அந்தப் பக்கம். நடுவுல சர்க்கார் போர்டு ரோடு. மடியில வெச்சுக்கினு ரோட்டைத் தாண்டினா தப்பா? போலீஸ் டேசன்ல குடுத்துடணும்னா நாளைக்கே குடுத்துடறேன், அதும் மேல எனக்கு ஆசை ஒண்ணும் இல்ல. மில்லு மேல ஒரு கெட்ட பேரு வரக்கூடாது, அவ்ளோதான். நீ சட்டப் புஸ்தகத்தோட பழகறவன். நீ இன்னா எழுதறியோ அதான் எனக்குச் சட்டம்.

உனக்காக ராப்பகலா ஜெபம் பண்ற
உன் சின்னம்மா


சித்தூர்
27 ஏப்ரல் 1936

மகா அன்பும் மதிப்பும் நிறைந்த சின்னம்மாவுக்கு, இன்பசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். தங்கள் முட்டிவலிக்குத் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

தாங்கள் கேட்ட விஷயமாக ஆயுதச் சட்டத்தை நானே புரட்டிப் பார்த்தேன். கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த லைசென்ஸ் ரைஸ் மில்லின் பாதுகாப்புக்கென்று கொடுக்கப்பட்டது. ஆகவே அது மில்லைச் சேர்ந்தது, ஆளைச் சேர்ந்ததல்ல. குடும்பச் சொத்தான மில்லின் கேட்டுக்குள் குடும்பத்தார் யார் வைத்திருந்தாலும் குற்றமில்லை. புது லைசென்ஸும் தேவையில்லை. ஸ்டேஷனில் ஒப்படைக்கும் எண்ணமே வேண்டாம். ஒப்படைத்தால் திரும்பி வராது, வீண் கேள்விகளும் வரும். ரோட்டைத் தாண்டுவது மட்டும்தான் தவறு. எனவே அதை மில்லுக்குள்ளேயே பத்திரமான ஓர் இடத்தில் வைத்துவிடுங்கள்.

மற்றொரு விஷயம். புத்தூர் கோவர்த்தனன் மறுபடியும் என்னை வந்து பார்த்தார். மில்லைப் பத்து வருஷக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு என்னையே மேனேஜராக வைத்துக்கொள்ள அவருக்குச் சம்மதம். தாங்களும் இந்த வயதில் நெல் தூசியில் நிற்க வேண்டியதில்லை. யோசித்துப் பார்க்கவும்.

தங்கள் அன்புள்ள மகன்
இன்பசேகரன்


திருப்பதி
10 மே 1936

என் கண்ணு இன்பசேகரனுக்கு, சின்னம்மா ஆசீர்வாதம். நான் சுகம். நீங்க ரெண்டு பேரும் சுகமா? தைலம் இன்னும் வந்து சேரல. பரவாயில்ல, ஆள் கிடைக்கும்போது அனுப்பு.

உன் கடுதாசியைக் கேட்டு எல்லாரும் ஸ்தோத்திரம் பண்ணாங்க. வீட்டுல ஒரு படிச்ச புள்ளை இருந்தா எவ்ளோ பலம் பாருன்னு உபதேசியார் சம்சாரம் லோயிஸ் அம்மா சொன்னாங்க. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. எட்டு வயசுல உங்கம்மா உன்னை உட்டுட்டுப் போனப்போ, இதே மில்லுல நெல்லு மூட்டை மேல உன்னைப் படுக்க வெச்சு வளத்தேன். அந்தப் புள்ளை இன்னிக்கு சட்டம் எழுதி அனுப்பறான்.

நீ சொன்னாப்பல ரிவால்வரை ரோட்டைத் தாண்டி எடுத்தாறதில்ல. மில்லு ஆபீஸ் ரூம்ல ஆர்மோனியப் பெட்டி கீது இல்ல, புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வாசிக்கறது. அதோட பின்பலகையைக் கழட்டி, துருத்திக்குக் கீழ துணியில சுத்தி வெச்சுட்டேன். ஆண்டவர் பாட்டு பாடற பெட்டிக்குள்ள இதை வெக்கிறோமேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. அங்க எவனும் தேட மாட்டான். உன் ஒருத்தனுக்குத்தான் சொல்றேன். அசரியாவுக்குக் கூடச் சொல்லல.

குத்தகை பேச்சு மட்டும் வேணாம் கண்ணு. கோவர்த்தனன் நல்லவராவே இருக்கட்டும். எனக்கு தூசி புதுசில்ல. காலையில எட்டு மணிக்கு அந்த இன்ஜின் சத்தம் கேட்டாத்தான் எனக்குக் காப்பி எறங்குது. நான் போனப்புறம் மில்லு உனக்குத்தானே. அவசரம் இன்னா?

உன் சின்னம்மா


சித்தூர்
2 ஜூன் 1936

அன்புள்ள சின்னம்மாவுக்கு வணக்கம். நாங்கள் சுகம், தங்கள் சுகம் அறிய ஆவல். வேலை மிகுதியால் உடனே எழுத முடியவில்லை.

ஆர்மோனியப் பெட்டி நல்ல இடம்தான். அடிக்கடி இடத்தை மாற்ற வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

குத்தகை விஷயத்தில் தங்கள் இஷ்டம். நான் வற்புறுத்தவில்லை. கோவர்த்தனனிடம் ஒரு பதில் சொல்ல வேண்டியிருப்பதால் கேட்டேன். அவ்வளவே.

இன்பசேகரன்


திருப்பதி
19 ஜூலை 1936

என் கண்ணே இன்பசேகரா, உன் சின்னம்மா எழுதிக்கிறது. சுகம்னு எழுத கை வரல. நீயாச்சும் சுகமா இருக்கணும்.

வியாழக்கிழமை பட்டப்பகல்ல, நெல்லு அரைக்கற ஹல்லர்ல மூட்டையைக் கொட்டிக்கினு இருக்கறப்போ, சப் இன்ஸ்பெக்டர் நாலு கான்ஸ்டபிளோட வந்து கேட்டைச் சாத்தச் சொன்னாரு. வண்டிக்காரங்க எல்லாம் பாத்துக்கினு நிக்கறாங்க. "இன்னா சார்"னு கேட்டேன். "கூர்ச்சோண்டி அம்மா"ன்னு தெலுங்குல மரியாதையாத்தான் சொன்னாரு. உக்காந்தேன்.

நேரா ஆபீஸ் ரூமுக்குப் போனாங்க. பீரோ இருக்குது, கல்லாப் பெட்டி இருக்குது, எதையும் தொடல. ஆர்மோனியத்தைத் தூக்கி நடுவுல வெச்சு, பின்பலகையைப் பிடுங்கி, துருத்தியை ரெண்டாக் கிழிச்சுப் போட்டாங்க. உள்ள ஒண்ணுமில்ல. ஏன்னா நான் அதை அங்கிருந்து எப்பவோ எடுத்துட்டேன் கண்ணு. வெச்ச அடுத்த புதன்கிழமையே உபதேசியார் வாசிக்கறப்போ காத்து சரியா வரல, பாட்டு பாதியில இருமிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாளே எடுத்து தவிட்டுத் தொட்டிக்குள்ள புதைச்சுட்டேன். இதைப் போயி உனக்கு எழுதணுமான்னு எழுதாம உட்டுட்டேன்.

அப்புறம் ரெண்டு மணி நேரம் மில்லு பூராத் தேடினாங்க. மூட்டையைக் குத்திப் பாத்தாங்க. கடைசியில சப் இன்ஸ்பெக்டர் வேர்வையைத் தொடச்சிக்கினு, "எக்கட பெட்டாரம்மா"ன்னு என்னையே கேட்டாரு. எங்க வெச்சீங்கன்னு கேட்டா எனக்குப் பொய் வராது. "தவிட்டுல சார்"ன்னேன். அவரே நம்பாம என் மூஞ்சியைப் பாத்தாரு.

லைசென்ஸ் மில்லுக்குன்னு சொன்னேன், குடும்பச் சொத்துன்னு சொன்னேன். அவரு தலையில அடிச்சுக்கினாரு. லைசென்ஸ் ஆளுக்குத்தானாம். ஆள் போனா அதோட அதுவும் போச்சாம், துப்பாக்கியை உடனே டேசன்ல குடுத்துருக்கணுமாம். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கறாங்களாம். என் மேல கேஸு எழுதி, ஜாமீனுக்கு உபதேசியார் கையெழுத்துப் போட்டாரு. புஸ்தகத்துல நீ வேற மாதிரி பாத்தியே, அந்த அதிகாரிக்குத்தான் தெரியலியா?

எழுதுனது யாருன்னு யோசிச்சு யோசிச்சு எனக்கு ஒரே பேருதான் வருது. தவிட்டுல நான் அதைப் புதைக்கறப்போ, மாட்டுக்குத் தவிடு எடுக்க அசரியா கூடையோட வந்தான். பாத்தான். பாக்காத மாதிரி திரும்பிப் போனான். அவனைத் தவிர வேற யாரு பாத்தா? பதினெட்டு வருசம் நம்ம சோத்தைத் துன்னவன்.

சீக்கிரம் பதில் போடு.
உன் சின்னம்மா


சித்தூர்
21 ஜூலை 1936

அன்புள்ள சின்னம்மாவுக்கு வணக்கம். தங்கள் கடிதம் கண்டு துடித்துப் போனேன். உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

சந்தேகமே இல்லை, அசரியாதான். நேரில் பார்த்தவன் அவன் ஒருவனே. உடனே வேலையை விட்டு நீக்குங்கள். அவனோடு எந்தப் பேச்சும் வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி அதிகாரிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் நான் ஏப்ரலில் எழுதிய கடிதம் தங்களிடம் இருந்தால், அதைக் கட்டாயம் எரித்துவிடவும். அது கோர்ட்டில் போனால் கேஸுக்குக் கெடுதல். நம் இருவருக்குள் எழுதியது நம்மோடு இருக்கட்டும்.

கேஸ் உள்ளவர் பேரில் மில் நடப்பதும் நல்லதல்ல. மில் விவகாரம் முழுவதையும் நான் பார்த்துக்கொள்ளும்படி ஒரு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் தங்களுக்குத் தொந்தரவு இராது. பத்திரத்தை நானே தயார் செய்கிறேன்.

தங்கள் மகன்
இன்பசேகரன்


திருப்பதி
3 ஆகஸ்ட் 1936

என் கண்ணு இன்பசேகரனுக்கு, சின்னம்மா ஆசீர்வாதம். மூணே நாள்ல உன் பதில் வந்துச்சு. இவ்ளோ சீக்கிரம் நீ எப்பவும் எழுதினதில்ல. என் மேல உனக்கு இருக்கற பாசம் தெரிஞ்சிச்சு. நான் ஒரு மாதிரி கீறேன். நீங்க சுகமா இருங்க.

நீ சொன்னபடியே பண்ணேன். புதன்கிழமை கூட்டத்துல எல்லாரும் இருக்கறப்போவே அசரியாவை எழுப்பி நிக்க வெச்சு, "நாளையில இருந்து இன்ஜின் ரூமுக்கு வராதே"ன்னேன். "ஏம்மா"ன்னு கேட்டான். "உனக்கே தெரியும்"னேன். அவன் சம்சாரம் தபீதாள்தான் அழுதா. அவன் தோள் துண்டை எடுத்து ஒதறிப் போட்டுக்கினு வெளிய போனான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

ஆனா கடுதாசியை எரிக்கச் சொன்னியே, அது ஆவாது கண்ணு. எரிச்சாலும் பிரயோஜனமில்ல. நீ சித்தூருக்குப் போனப்புறம் இங்க ஒரு வழக்கம் ஆரம்பிச்சோம். சபையில யாருக்குக் கடுதாசி வந்தாலும் அதைப் புதன்கிழமை கூட்டத்துல எழுந்து நின்னு படிக்கணும். ஊருக்கு வெளிய இருக்கற புள்ளைங்களுக்காக எல்லாரும் சேந்து ஜெபம் பண்ணணும்னு. அசரியாதான் படிப்பான், இன்ஜின் சத்தத்துலயே பேசிப் பழகின தொண்டை அவனுக்கு. உன் ஏப்ரல் கடுதாசியைப் பதினாலு பேரு கேட்டாங்க. கங்கம்மாள் கூடக் கேட்டா, நெல்லு புடைக்கறவ. அவ நம்ம சபை இல்ல, பாட்டுக்காக வந்து உக்காருவா. யாருக்கும் சொல்லாதேன்னு ஜூன்ல எழுதினியே, அதையும் அசரியாவைப் பத்தி இப்போ எழுதினதையும் மட்டும் படிக்கக் குடுக்கல.

படிச்ச கடுதாசி எல்லாத்தையும் லோயிஸ் அம்மா ஜெப நோட்டுல தேதி போட்டு எழுதி வெப்பாங்க. உன் பேருல எழுதியிருக்கறதை நேத்துதான் பாத்தேன். "இன்பசேகரன், சித்தூர். ரிவால்வருக்கு லைசென்ஸ் வேண்டாம், ஸ்டேஷனில் கொடுக்க வேண்டாம் என்று சட்டம் பார்த்து எழுதியிருக்கிறார். ஸ்தோத்திரம்." இப்படி கீது.

இது கேஸுக்கு நல்லதுதானே? நான் வேணும்னு பண்ணலன்னு தெரியுமே. நீ ஏன் கெடுதல்னு எழுதியிருக்கேன்னு எனக்கு வெளங்கல. பத்திரத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.

உன் சின்னம்மா


சித்தூர்
14 செப்டம்பர் 1936

அன்புள்ள சின்னம்மாவுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். கடிதங்களைச் சபையில் படிக்கும் வழக்கம் எனக்குத் தெரியாது. முன்பே சொல்லியிருக்கலாம்.

அந்த ஜெப நோட்டை வக்கீல் ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தனுப்பவும். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கூட்டத்தில் படிக்க வேண்டாம்.

அக்டோபர் 19ஆம் தேதி திருப்பதி கோர்ட்டில் விசாரணை. நான் பத்திரத்துடன் வருகிறேன். அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடலாம்.

இன்பசேகரன்


திருப்பதி
25 செப்டம்பர் 1936

என் கண்ணு இன்பசேகரனுக்கு, சின்னம்மா எழுதிக்கிறது. ஆறு வாரமா உன் எழுத்தைக் காணாம தபால்காரனைப் பிடிச்சுப் பிடிச்சுக் கேட்டேன். "அம்மா, நானா எழுதணும்"னு அவனே கோவிச்சுக்கினான். நீ சுகமா இருந்தா சரி.

நோட்டைக் குடுக்க லோயிஸ் அம்மா ஒத்துக்கல. "அது சபை நோட்டு, எல்லார் வீட்டுக் கண்ணீரும் அதுல கீது, வக்கீல் இங்க வந்து பாக்கட்டும்"னு பொட்டியில வெச்சுப் பூட்டிட்டாங்க.

மில்லு நின்னு ரெண்டு மாசமாவுது. புது டிரைவர் ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் இன்ஜினைக் கிளப்பவே இல்ல, ஒருத்தன் கிளப்பி நிறுத்தத் தெரியாம ஓடிட்டான். நெல்லு வண்டிங்க வந்து திரும்பிப் போவுது. சத்தமில்லாத மில்லைப் பாத்துக்கினு உக்காந்திருக்கறேன். எனக்கும் தெம்பு போச்சு கண்ணு. 19ஆம் தேதி பத்திரத்தை எடுத்துக்கினு வா. போட்டுடறேன். நீ நடத்தினா அவரு நடத்தின மாதிரிதான்.

உன் சின்னம்மா


திருப்பதி
5 நவம்பர் 1936

இன்பசேகரனுக்கு ஞானசௌந்தரி எழுதிக்கிறது. நான் சுகமா கீறேன். நீயும் உன் சம்சாரமும் சுகமா இருக்கணும்.

கோர்ட்டு முடிஞ்ச மறுநாளே பத்திரத்தை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பியிருக்கே. கூட ஒரு வரி இல்ல. சின்னம்மா ஏன் கையெழுத்துப் போடாம போனாங்கன்னு கூடக் கேக்கல. கேக்க வேண்டியது இல்லன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குது.

அன்னிக்குக் காலையில கோர்ட்டு வராந்தாவுல நீ பேனாவை மையில தொட்டுக் குடுத்தே. கோவர்த்தனன் பக்கத்துல குடை புடிச்சுக்கினு நின்னாரு. அவரு ஏன் வந்தாருன்னு கேட்டேன், சாட்சிக்குன்னே. நான் கண்ணாடியை மூஞ்சியில மாட்டறதுக்குள்ள டவாலி என் பேரைக் கூப்பிட்டுட்டான். ஒரு நிமிசம் கழிச்சுக் கூப்பிட்டிருந்தா நான் போட்டிருப்பேன்.

உள்ள மொட்டைக் கடுதாசியைப் படிச்சாங்க. நீயும் கேட்டுக்கினு நின்னே. "மேற்படி ரிவால்வர் மில் ஆபீஸில் உள்ள ஆர்மோனியப் பெட்டியின் துருத்திக்குக் கீழே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது." துருத்திக்குக் கீழன்னு நான் உலகத்துல ஒருத்தனுக்குத்தான் எழுதினேன். அது அங்க ஒரு வாரங்கூட இல்ல. அதைத் தவிட்டுக்கு மாத்தினது அந்த ஒருத்தனுக்குத் தெரியாது.

போலீசு நேரா ஆர்மோனியத்துக்குப் போனாங்கன்னு நானே உனக்கு எழுதியிருக்கறேன். எழுதியும் எனக்குப் புரியல. கண்ணுக்கு முன்னாடி கெடக்கறதைப் பாக்காம, வேலை செய்யற மனுசனைத் திருடனாக்கிட்டேன்.

நான் திரும்பி உன்னைப் பாத்தேன். நீ உன் செருப்பைப் பாத்துக்கினு இருந்தே. சின்ன வயசுல உமியில நெருப்பு வெச்சுட்டு இப்படித்தான் நிப்பே.

மாஜிஸ்திரேட் நல்ல மாதிரி. "அம்மா, லைசென்ஸ் வேண்டாம்னு உங்களுக்கு யார் சொன்னது"ன்னு கேட்டாரு. லோயிஸ் அம்மா பின்னால நோட்டோட உக்காந்திருந்தாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். "யாரும் சொல்லல, நானே அப்படி நெனச்சுக்கினேன்"ன்னேன். குத்தம் சாட்டப்பட்டவங்களுக்கு சத்தியப் பிரமாணம் கிடையாதாம். ஆனா என் கையில வேதம் இருந்திச்சு, வீட்டுல இருந்து எடுத்தாந்தது. அதைப் புடிச்சுக்கினே பொய் சொன்னேன். அம்பத்தி நாலு வயசுக்கு அதான் நான் சொன்ன முதல் பெரிய பொய். சப் இன்ஸ்பெக்டர் கேட்டப்போ தவிட்டுலன்னு சொன்ன வாய் அது. என்னைக் காட்டிக் குடுத்தது எனக்கு அவ்ளோ வலிக்கல. அந்தப் பொய்யை என்னைச் சொல்ல வெச்சே பாரு, அதைத்தான் தாங்க முடியல.

அபராதம் போட்டு உட்டுட்டாங்க. ரிவால்வரை சர்க்கார் எடுத்துக்கினாங்க. போவட்டும்.

வெளிய வந்தா வேப்ப மரத்தடியில அசரியா நின்னுக்கினு இருந்தாரு. நான் வேலையை உட்டுத் துரத்தினவரு, எனக்கு என்னாவுமோன்னு ஏர்பேட்டுல இருந்து நடந்து வந்திருக்கறாரு. அங்க ஒரு மில்லுல மூட்டை தூக்கறாராம். கிட்டப் போயி நின்னேன். அவருதான் பேசினாரு. "ஆர்மோனியத்துல இருந்ததே எனக்குத் தெரியாதும்மா. தவிட்டுல இருந்ததுதான் தெரியும். நான் எழுதியிருந்தா துருத்தி தப்பிச்சிருக்கும்"னாரு. சிரிச்சுக்கினேதான் சொன்னாரு. நான் அங்கேயே உக்காந்துட்டேன்.

அவரை எல்லார் முன்னாலயும் அவமானப்படுத்தினேன், அதனால எல்லார் முன்னாலயும்தானே மன்னிப்புக் கேக்கணும். அந்தப் புதன்கிழமையே எழுந்து கேட்டேன். ஏன் அவரைச் சந்தேகப்பட்டேன், இப்போ ஏன் படலன்னு சொல்ல வேண்டி வந்திச்சு. கோர்ட்டுல சொன்ன பொய்யையும் சொன்னேன். அதனால உன் பேரும் வந்திச்சு. மறைக்க வழி தேடினேன், கிடைக்கல. லோயிஸ் அம்மா எல்லாத்தையும் நோட்டுல எழுதினாங்க. ஸ்தோத்திரம்னு மட்டும் போடல.

அசரியா, "இன்ஜின்ல துரு ஏறியிருக்கும், போயிப் பாக்கறேன்"னு எழுந்து போனாரு. இப்போ காலையில எட்டு மணிக்கு சத்தம் கேக்குது. காப்பியும் எறங்குது. ஆர்மோனியத்துக்குப் புதுத் தோலு போட்டாச்சு. ஒரு கட்டை மட்டும் அமுக்காமலே கத்துது.

பத்திரத்தைக் கையெழுத்தில்லாம இதோட திருப்பி அனுப்பறேன். மில்லு உனக்குத்தான்னு மே மாசம் எழுதியிருந்தேன். அந்த வரியை நீ படிச்சியா, படிச்சப்புறந்தான் மொட்டைக் கடுதாசி எழுதினியான்னு மட்டும் எனக்குத் தெரியணும். நான் சாவறவரைக்கும் பொறுக்க முடியலியா?

நீ எழுதினா, வழக்கப்படி அதைக் கூட்டத்துல படிப்போம். அதைத் தெரிஞ்சுக்கினு எழுது.

ஞானசௌந்தரி


சித்தூர்
18 டிசம்பர் 1936

அன்புள்ள சின்னம்மாவுக்கு இன்பசேகரன் வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் சுகம். தாங்களும் சபையார் அனைவரும் சுகமாயிருக்கக் கர்த்தரைப் பிரார்த்திக்கிறேன். இங்கு பனி அதிகம். வேறு விசேஷம் இல்லை.

இன்பசேகரன்


திருப்பதி
24 டிசம்பர் 1936

இன்பசேகரனுக்கு, நான் சுகம். உன் கடுதாசி வந்து சேந்திச்சு. ஆறு புதன்கிழமையா, கடுதாசி ஏதாச்சும் கீதான்னு லோயிஸ் அம்மா கேக்கறப்போ எல்லாம் இல்லன்னு தலையாட்டிக்கினு இருந்தேன். நேத்து கையைத் தூக்கினேன்.

அசரியா எழுந்து நின்னு, இன்ஜின் நின்னுட்டதை மறந்துட்டு, உரக்கப் படிச்சாரு. படிச்சு முடிச்சுட்டுத் தாளைத் திருப்பிப் பாத்தாரு. பின்பக்கமும் ஒண்ணுமில்ல.

"அவ்ளோதானா"ன்னு கங்கம்மாள் கேட்டா.

அவ்ளோதான்னு நான் சொன்னேன்.

பனியில காதை மூடிக்கோ. சின்ன வயசுல இருந்தே உனக்கு அது ஒத்துக்காது.

ஞானசௌந்தரி